நூற்றெழுபத்தாறு காட்டிய மெஷின்

என் மகள் முத்துப்பிரியாவுக்குக் கண் போகப் பார்த்தது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பிரஷர் மெஷின். அந்த மெஷின் பொய் சொல்கிறது என்று இருபத்திரண்டு நாள் ஊரெல்லாம் வாய்ச்சண்டை போட்டது நான். இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்லவேண்டும் என்பது என் மனைவி கலையரசியின் உத்தரவு. முதலிலேயே சொல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது என் பங்கை நைசாக நழுவவிட்டுவிடுவேனாம். பத்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், அவளுக்குத் தெரியாததா.

என் பெயர் ஈஸ்வரன். போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி வைத்திருக்கிறேன். மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் காயைச் சலித்து, பெரிய காய் வேறு, சின்னக் காய் வேறு, வெடித்தது வேறு என்று பொறுக்கி ஏலத்துக்கு அனுப்புவது என் தொழில். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வந்த பிறகு போவதற்குக் கொஞ்சம் நேரமாகும். மற்றபடி நல்ல மனுஷன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் கிட்டங்கியில் நின்றுகொண்டிருக்கும்போதே எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, தினமும் மாத்திரை போடவேண்டும், வீட்டிலேயே ஒரு மெஷின் வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். மாத்திரையையும் மெஷினையும் அப்துல் சமதுவின் மருந்துக்கடையில் வாங்கினேன். சமதுவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சாதாரண நாளில் ஒருவரையொருவர் மாப்ளே என்போம். சண்டை வந்துவிட்டால் நான் அவனை ‘பாய்’ என்பேன், அவன் என்னை ‘முதலாளி’ என்பான். தெருவில் போகிறவர்கள் அதை வைத்தே எங்கள் நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து மெஷினைக் கட்டினேன். நூற்றெழுபத்துநாலு காட்டியது. வலது கையைக் கழற்றி இடது கையில் கட்டினேன். நூற்றெழுபத்தெட்டு. சாப்பிடுவதற்கு முன்னால், சாப்பிட்ட பின்னால், படுத்துக்கொண்டு, உட்கார்ந்துகொண்டு எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது என்னை நோயாளி என்றது. நாற்பது வயதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா என்னைப் பார்த்து அப்படிச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிட்டங்கியில் கரண்டு தராசுக்குப் பக்கத்திலேயே அரசாங்க முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று இருக்கும். மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவருக்கு எடையில் சந்தேகம் வந்தால் சண்டை போடவேண்டாம். கல்லைத் தூக்கித் தட்டில் வைக்கவேண்டியதுதான். ஐந்து காட்டினால் தராசு யோக்கியம், காட்டாவிட்டால் தராசு அயோக்கியம். எப்படிப்பட்ட சிடுமூஞ்சியும் அதற்குமேல் வாய் திறக்கமாட்டான்.

இந்த மெஷினுக்கும் ஒரு கல்லை வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிரஷரே இல்லை என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஓர் ஆள் வேண்டும். கலையரசி சரிப்பட மாட்டாள். என்னைக் கட்டிக்கொண்டவளுக்குப் பிரஷர் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாயில் குப்புறப் படுத்து, நோட்டில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, மயிலுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள் முத்துப்பிரியா. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. இதைவிடச் சுத்தமான எடைக்கல் எங்கே கிடைக்கும்?

பட்டை அவள் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியது. மெஷின் உறுமி, காற்றை இறக்கி, நூற்றறுபத்தெட்டு என்றது. நான் கைதட்டினேன். அப்பா தட்டுகிறாரே என்று அவளும் தட்டினாள்.

“பாத்தியாடி, டுபாக்கூர் மெஷின்” என்றேன் கலையரசியிடம்.

“ஏங்க, பிள்ளைக்கு நெசமாவே இருந்துச்சுன்னா?”

“ஒண்ணாப்புப் பிள்ளைக்கு என்னடி பிரஷரு? காய் விலை இறங்கிப்போச்சுன்னு கவலப்படுதாக்கும்?”

அன்றோடு என் மாத்திரையை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலமானால் மகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்துப் பட்டையைக் கட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எண்ணைக் காட்டினேன். நூற்றெழுபது, நூற்றறுபத்தாறு, நூற்றெழுபத்துநாலு. எல்லோரும் சிரித்தார்கள். சமது கடைச் சரக்கு இப்படித்தான் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். பன்னுக்காக அவளே கையை நீட்டுவாள்.

வீட்டில் வேறு சில சங்கதிகள் நடந்துகொண்டிருந்தன. கலர் பென்சில் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது. போர்டில் எழுதுவதைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று மாயக்காள் டீச்சர் சொல்லியனுப்பினார். காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பாள், சில நாள் வாந்தியும் எடுப்பாள். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமையும் வலித்தது. அதையெல்லாம் யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

“பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியலங்க. வெரசா ஒரு கண்ணு டாக்டர்ட்ட காட்டிருவோம்” என்று கலையரசி வாரத்துக்கு நாலு தடவை சொன்னாள்.

“செல்போனப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சு. போனைத் தூக்கிப் பரண்ல போடு, சரியாயிரும்” என்று நானும் நாலு தடவை சொன்னேன்.

போனைப் பரணில் போட்டோம். அதனால் நஷ்டப்பட்டது நான்தான். வியாபாரிகள் கூப்பிட்டபோதெல்லாம் ஏணி தேடி ஓடினேன். அவள் கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

இருபத்தோராம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். நீலச் சட்டை போட்டிருந்தேன். முத்துப்பிரியா வெளியே வந்தாள். நேராக நடந்துபோய், எனக்கு நாலு வண்டி தள்ளி நீலச் சட்டையோடு நின்ற ஒருவரின் மொபெட்டில் ஏறி, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “போலாம்ப்பா” என்றாள். அந்த மனுஷன் சிலமலை ஊர்க்காரர், தன் பேரனுக்காகக் காத்திருந்தவர். திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆத்தா, நான் ஒங்கப்பா இல்லத்தா” என்றார். அதற்குப் பிறகும் அவள் இறங்கவில்லை. அவர் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்த பிறகுதான் இறங்கினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அவளைப் பின்னால் உட்காரவைக்காமல் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தேன்.

இதைக் கேட்டதும் கலையரசி சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “நாளைக்குக் காலைல கண்ணாஸ்பத்திரி போறோம். நீங்க வந்தா வாங்க, வராட்டி நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். அவள் கத்தாமல் பேசினால் அதற்கு அப்பீல் கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை. கண்ணாஸ்பத்திரி சமது கடைக்கு அடுத்த தெரு. வந்ததும் வந்தோம், போகிற வழியில் மெஷினைக் கொடுத்து வேறு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் இரண்டு பேரையும் கடைப்பக்கம் திருப்பினேன். கலையரசி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

“பாய், இந்த மெஷினை எடுத்துக்கிட்டு வேற குடு” என்றேன்.

டீக்கடையில் நான் நடத்திய கச்சேரி சமதுவின் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. நான் ‘பாய்’ என்றதும் அவனும் தயாரானான்.

“என்ன கோளாறு முதலாளி?”

“பொய் சொல்லுது.”

“மெஷின் பொய் சொல்லாது முதலாளி. மனுசன்தான் சொல்லுவான்” என்றபடி பட்டையைத் தன் கையில் கட்டினான். நூற்றிருபத்திரண்டு. கடையில் வேலை பார்க்கும் மகாராணியைக் கூப்பிட்டுக் கட்டினான். நூற்றுப்பத்து. இருமல் மருந்து வாங்க வந்திருந்த ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர், கேட்காமலேயே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். நூற்று முப்பது. ஓசியில் பார்த்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி. இருமல் மருந்தை மறந்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். அதற்குள் கடைவாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

“இப்ப நீங்க கையை நீட்டுங்க முதலாளி.”

நூற்றெண்பத்திரண்டு. கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டினார்.

“எல்லாருக்கும் சரியாக் காட்டுற மெஷின், ஒங்களுக்கு மட்டும் என்ன பகையா? மாத்திரை போடுறீங்களா, இல்லையா?” என்றான் சமது.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. துருப்புச்சீட்டை இறக்கினேன். முத்துப்பிரியாவைத் தூக்கிக் கண்ணாடி மேஜைமேல் உட்காரவைத்தேன். பன் கிடைக்கும் என்று அவள் கையை நீட்டினாள். பட்டையைக் கட்டி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மெஷினைத் திருப்பி வைத்தேன். நூற்றெழுபத்தாறு.

“ஆறு வயசு. இப்பச் சொல்லு பாய், பொய்யா இல்லையா?”

சமதுவுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய் வேறு கம்பெனி மெஷினைப் பெட்டி பிரித்துக் கொண்டுவந்தான். நூற்றெழுபத்துநாலு. அதையும் தள்ளிவைத்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய காலத்து மெஷினை எடுத்தான். கையால் பம்ப் அடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்கிற மெஷின். “இதுல கரண்டு கிடையாது, பேட்டரி கிடையாது. என் காது மட்டும்தான்” என்றான். பம்ப் அடித்தான், காற்றை இறக்கினான். மறுபடி அடித்தான், மறுபடி இறக்கினான். மூன்றாவது தடவை காற்று முழுக்க இறங்கிய பிறகும் குழாயைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.

“என்ன பாய், ஒன் காதும் பொய் சொல்லுதா?” என்றேன். கூட்டம் சிரித்தது.

“மாப்ளே, செத்த வாயை மூடு” என்றான் சமது.

சண்டைக்கு நடுவில் அவன் என்னை மாப்ளே என்றது அதுதான் முதல் தடவை.

அவன் முத்துப்பிரியாவின் பக்கம் குனிந்தான். “பாப்பா, அந்தா எதுத்த செவுத்துல ஒரு காலண்டர் தொங்குதுல்ல, அதுல என்ன படம் போட்டிருக்கு சொல்லு” என்றான். காலண்டர் அரைக்கதவு உயரம். அதில் ஒரு யானை, தேர் அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு அவனிடமே, “எந்தச் செவுத்துல மாமா?” என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. ராசிங்காபுரத்துப் பெரியவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கலையரசி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சமது கடையை மகாராணியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தான். நான் மெஷின் பையோடு பின்னால் போனேன். இந்தப் பட்டை பெரியவர்களுக்கு உள்ளது, சின்னக் கைக்குக் கட்டினால் தப்பாகத்தானே காட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் நம்பியிருந்தேன்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். பெயர் ஃபாயிசா. எழுத்துப் பலகையில் மேலே இருந்த இரண்டு பெரிய எழுத்துகளுக்குக் கீழே முத்துப்பிரியாவுக்கு எதுவும் தெரியவில்லை. சொட்டு மருந்து போட்டு, முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து, இரண்டு கண்ணையும் ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்ததை நம்பாதவர் மாதிரி மறுபடியும் முதல் கண்ணிலிருந்து ஆரம்பித்தார். பிரஷர் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“இந்தப் பிள்ளைக்கு எப்பவாவது பிரஷர் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

கடைத்தெருவில் ஐம்பது பேருக்குக் காட்டியவன், நான் கலையரசியைப் பார்த்தேன்.

“பாத்தோம்மா” என்றாள் கலையரசி. “இருபத்திரண்டு நாளா தெனமும் பாத்தோம்.”

டாக்டர் நிமிர்ந்தார். எவ்வளவு இருந்தது என்று கேட்டார். சமது எண்களைச் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். என் கையில் மெஷின் பை இருந்தது.

“பெரியவங்க பட்டைம்மா அது” என்றேன். “சின்னக் கையில அதைக் கட்டுனா தப்பாத்தான காட்டும்?”

“ஆமா, தப்பாத்தான் காட்டும்” என்றார். எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. “பெரிய பட்டையைச் சின்னக் கையில கட்டினா உள்ளதைவிடக் கொறைச்சுத்தான் காட்டும். அப்படின்னா இவளுக்கு நெசமான பிரஷர் நீங்க சொல்றதுக்கும் மேல.”

நான் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மெஷின் தப்புதான் என்று ஒரு டாக்டர் வாயாலேயே சொல்லக் கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. தராசு யோக்கியமா என்று பார்க்க என் பிள்ளையைத் தட்டில் வைத்தேன், பிள்ளை என்ன ஆனாள் என்று பார்க்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்பைக் கீறாமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் உள்பக்கம் ஒன்றுதான். அங்கே குழாய்கள் சுருங்கி, ரத்தம் கசிந்து, பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. பார்வைத் திரைக்கு அடியில் நீர் கோத்துவிட்டது, மூளைக்குப் போகும் நரம்பும் வீங்கியிருக்கிறது. இது கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயமில்லை. கண்ணில் நோயே இல்லை, நோய் வேறு எங்கேயோ இருக்கிறது, அது கண்ணில் தெரிகிறது. இந்த வயதில் இவ்வளவு பிரஷர் என்றால் பெரும்பாலும் சிறுநீரகத்தில் கோளாறாக இருக்கும், இப்படியே விட்டால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து.

“இன்னிக்கே மதுரைக்குக் கொண்டுபோங்க. நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்.”

“கண்ணு வந்துரும்லம்மா?” என்று கேட்டாள் கலையரசி.

“பிரஷரை இறக்கினா நெறையப் பிள்ளைங்களுக்கு வந்திருக்கு. இவளுக்கு எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர்.

சமது தன் காரை எடுத்துவந்தான். தேனி தாண்டுவதற்குள் முத்துப்பிரியா பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். புது சீட்டு, வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் துண்டால் துடைக்கப் போனேன்.

“விடு மாப்ளே, காரு என்ன பேசவா போகுது” என்றான்.

“நீ அன்னிக்கே எனக்கு நாலு அறை குடுத்திருக்கலாம்ல” என்றேன்.

“நீ டீக்கடைல என் பேரை நாறடிச்சப்பவே குடுக்கணும்னுதான் இருந்தேன். அன்னிக்குக் கடையில கூட்டம்.”

உசிலம்பட்டி வந்தது. முத்துப்பிரியா அம்மா மடியில் தூங்கிவிட்டாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று நான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் கரடி படம் போட்ட சின்னப் பட்டை இருந்தது. கட்டினார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு. எனக்கு அந்த எண்ணோடு சண்டை போடத் தோன்றவில்லை. டாக்டரோடு போடத்தான் தோன்றியது. ஏதோ பெரிய ஊசியாகப் போட்டு உடனே இறக்குவார்கள் என்று பார்த்தால், மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றெண்பத்தெட்டு. நான் பொறுமையிழந்து டாக்டரிடம் சத்தம் போட்டேன்.

“பிள்ளைக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு, நீங்க என்ன சார் ஆற அமர வைத்தியம் பாக்குறீங்க?”

அந்த டாக்டர் எத்தனையோ அப்பன்மாரைப் பார்த்தவர். “நீங்க எந்த ஊரு?” என்றார். போடி என்றேன். “போடிமெட்டுல இருந்து லோடு ஏத்துன வண்டியைக் கீழ இறக்கியிருக்கீங்களா? கியரை எடுத்துட்டு விட்டா சீக்கிரம் வந்துரும். ஆனா வந்து சேராது. பிரஷரும் அப்படித்தான். சட்டுனு இறக்கினா நரம்புக்கு ரத்தம் போகாம, இருக்கிற பார்வையும் மொத்தமாப் போயிரும். மூணு நாள் ஆகும். பிரேக்குல கால வச்சுக்கிட்டே இறங்கணும்” என்றார். அந்த ரோட்டில் இருபது வருஷமாகக் காய் லோடு இறக்குகிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. போய் உட்கார்ந்தேன்.

நான் போட்ட சத்தத்தில் ஒரு நர்சம்மா வந்து, என் சம்மதம் கேட்காமலேயே என் கையில் பட்டையைக் கட்டினார். நூற்றுத் தொண்ணூறு. அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கலையரசியைப் பார்த்து, “இவரை எதுக்கும்மா வெளிய விட்டு வச்சிருக்க?” என்றார். அன்றிலிருந்து காலையில் அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை. அவள் மடக்கென்று விழுங்குவாள். நான் முகத்தைக் கோணுவேன். “அப்பா, தண்ணி நெறையக் குடிச்சா கசக்காது” என்று எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இடது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஓர் இடத்தில் சுருங்கி நூல் மாதிரி இருந்தது. ரத்தம் போதவில்லை என்று அந்தச் சிறுநீரகம் கூப்பாடு போட, அதற்காகத்தான் உடம்பு முழுக்கப் பிரஷர் ஏறியிருக்கிறது. தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதன் முனையில் இருக்கும் பலூனை ஊதி, சுருங்கிய இடத்தை விரித்தார்கள். அவளை உள்ளே கொண்டுபோயிருந்த ஒன்றரை மணி நேரமும் நான் வராந்தாவில் நின்றுகொண்டு ஒவ்வொரு சாமியின் பேராகச் சொன்னேன். சமது தன் பங்குக்கு ஒரு மூலையில் துண்டை விரித்துத் தொழுதான். கலையரசி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தோம். பிரஷர் நூற்றுப்பத்துக்கு இறங்கியிருந்தது. தினமும் நான்தான் பார்த்தேன், சின்னப் பட்டையில். டீக்கடையில் நானே போய், சமது கடை மெஷின் சரியானது, கோளாறு எனக்குத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசிக் கடைசியில் ஃபாயிசா டாக்டரிடம் மறுபடி காட்டப் போனோம். இருட்டு அறை, எதிரே எழுத்துப் பலகை. இடது கண்ணை மூடிக்கொண்டு முத்துப்பிரியா வாசித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, நாலாவது வரி, கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்தது. கலையரசி என் கையைப் பிடித்தாள், அவள் நகம் குத்தியது. பிறகு வலது கண்ணை மூடினாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவதில் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

“அதுக்குக் கீழ?” என்றார் டாக்டர்.

“கீழ ஒண்ணும் இல்லையே” என்றாள்.

பல்பு மங்கலாக எரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பல்பு நன்றாகத்தான் எரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார். நீர் வற்றிவிட்டது, ரத்தம் காய்ந்துவிட்டது, வலது கண் தப்பிவிட்டது. இடது கண்ணின் நரம்பு வெளுத்துப்போய்விட்டது, அது இனி இவ்வளவுதான். ஒரு நல்ல கண் இருந்தால் படிக்கலாம், வண்டி ஓட்டலாம், எல்லாம் செய்யலாம். நான் பிள்ளையையும் கலையரசியையும் வெளியே அனுப்பிவிட்டு நின்றேன்.

“நான் மொத நாளே கொண்டுவந்திருந்தா அந்தக் கண்ணும் வந்திருக்குமாம்மா?”

டாக்டர் நெற்றியிலிருந்து விளக்கைக் கழற்றினார். “சொல்ல முடியாதுங்க” என்றார்.

“பாதியாவது வந்திருக்குமா? ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க.”

“சொல்ல முடியாதுங்க. இப்பவாவது கொண்டுவந்தீங்க.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

வெளியே பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கலையரசி மருந்துச் சீட்டோடு எங்களுக்கு முன்பே சமது கடைக்குப் போய்விட்டாள். நான் முத்துப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கம் நடந்தேன். நாலு எட்டு வைத்ததும் அவள் என் கையை விட்டாள். எனக்கு முன்னால் சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் ஆத்தா, அந்தப் பக்கம் வெயிலா?” என்றேன்.

“வெயில் இல்லப்பா. இந்தப் பக்கம் இருந்தாத்தான் நீங்க தெரியுறீங்க” என்றாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒரு கதையை ஆரம்பித்து, கடை வரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டே நடந்தேன். அன்றிலிருந்து எங்கே போனாலும் நான் அவளுக்கு வலப்பக்கம்தான்.